கேடயத்தின் இடது பாதி

ஏப்ரல் 6, ஞாயிறு
பிரஷர் 151/94.

குடும்ப வைத்தியர் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். காலையில் பிரஷரை அளந்து, அன்றைக்கு என்ன செய்தேன் என்று கூடவே இரண்டு வரி எழுத வேண்டுமாம். எந்த மொழியில் என்று கேட்டேன். இலக்கம் விளங்கினால் எனக்குப் போதும், மிச்சம் உங்களுக்கு என்றார். ஆகவே மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு விளங்காது என்பது ஒரு வசதி.

இன்று மழை. நோர்வேயின் பேர்கன் நகரத்தில் இதை எழுதத் தேவையில்லை. இனி மழை இல்லாத நாட்களை மட்டும் எழுதுவேன்.

நான் கதவுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் வீட்டு முன்கதவும் என் கைவேலைதான். விருந்தினர் ஒருமுறை இழுத்துப் பார்த்து, அது அசையாததால், ஆள் இல்லையென்று திரும்பிப் போயிருக்கிறார்கள். என் மனைவி லோசனி அதற்கு வைத்திருக்கும் பெயர் மறியல் கதவு, சிறைக் கதவு. சொல்லிவிட்டுப் போகட்டும், இருபது வருடமாக ஒரு காற்று உள்ளே வந்ததில்லை.

ஏப்ரல் 12, சனி
147/92.

ரூனே ஒரு வான் வண்டி நிறையப் பலகையோடு வந்தார். என் மகள் ஆரபி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்திலிருந்து ஒரு வைக்கிங் சண்டைக் குழுவில் இருக்கிறாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, கூர் மழுக்கிய ஆயுதங்களோடு கோடைச் சந்தைகளில் சண்டை பிடித்துக் காட்டுவார்கள். ரூனே அதன் தலைவர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று லோசனி கேட்டபோது, பரதநாட்டியத்துக்கும் இதுக்கும் ஒரே அரைமண்டிதான் அம்மா என்று ஆரபி இருந்து காட்டினாள். ஒன்பது வருடம் பழக்கிய அரைமண்டி. 

இந்தக் கோடைக்குப் பதினான்கு கேடயம் வேண்டும். லிண்டன் பலகை, நகத்தால் அழுத்தினால் பதியும். நடுவில் எட்டு மில்லிமீட்டர் தடிப்பு, விளிம்பில் ஐந்து. விளிம்பைச் சுற்றி மாட்டுத் தோலை ஈரமாக இழுத்துத் தைக்க வேண்டும். கைப்பிடிக்கு முன்னால் வரும் இரும்புக் குமிழைத் தவிர வேறு உலோகம் கூடாது.

எங்கள் குசினி அலுமாரிக் கதவு இதைவிடப் பலமானது என்று சொன்னேன். ரூனே சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஒரு மணித்தியாலம் படிப்பித்தார். கேடயம் உடைவதற்காகச் செய்யப்படுவதாம். வாளோ ஈட்டியோ மென்மையான விளிம்பில் கொத்தினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும், மணிக்கட்டைத் திருப்பினால் எதிரியின் கையிலிருந்து ஆயுதம் போய்விடும். இரண்டு பேருக்கு வழக்கென்றால் நிலத்தில் ஒரு போர்வையை விரித்து அதன்மேல் நின்று மோதுவார்களாம். ஆளுக்கு மூன்று கேடயம். மூன்றும் உடைந்தால் கையில் இருக்கும் ஆயுதம் மட்டும்தான் துணை.

விளிம்புக்கு இரும்புப் பட்டி அடித்தால் என்ன என்று கேட்டேன். அடித்தால் ஆயுதம் வழுக்கும், வழுக்கிய ஆயுதம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது என்றார்.

கெட்டிக்கார மனிதர்தான். ஆனால் ஒருநாளும் கதவு செய்யாதவர்.

ஏப்ரல் 26, சனி
149/93. மழை இல்லை.

பன்னிரண்டு கேடயங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பயிற்சியைப் பார்த்தேன். வைக்கிங் என்றால் வாள் என்று நினைத்திருந்தேன். வாள் பணக்காரன் சாமானாம். பெரும்பாலானவர்கள் ஈட்டிக்காரர்கள். கோடரிக்காரர் வெட்டுவதைவிட, தாடி என்று சொல்லும் கோடரி அலகின் நீண்ட கீழ்நுனியை எதிரியின் கேடயத்தில் கொளுவி இழுத்து விழுத்துவதுதான் கூட.

கேடயச் சுவர் என்று ஒன்று. பதினான்கு பேரும் தோளோடு தோள் முட்டி நின்று, கேடயங்களை ஒன்றன்மேல் ஒன்று படும்படி பிடிக்கிறார்கள். எல்லோரும் இடக்கையில். ஆகவே உன் கேடயத்தின் வலது பாதி உனக்கு, இடது பாதி உன் இடப்பக்கத்தில் நிற்பவனுக்கு. உன் சொந்த வலப்பக்கத்தை உனக்கு வலப்பக்கம் நிற்பவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான், வலப்பக்கத்தில் நிற்பவன் நல்லவனாக இருந்தால்.

ஆரபிக்கு இடப்பக்கம் நிற்பவன் எய்வின் என்ற பொடியன். உயரம், தலைமயிரைப் பின்னியிருக்கிறான். இரண்டு பேரும் இடைவேளையிலும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அவளுடைய பழைய கேடயம் இன்று ஈட்டி குத்தி நடுவால் பிளந்தது. ஈட்டி உள்ளே வந்து விலாவில் பட்டது. வீட்டில் லோசனி மஞ்சள் அரைத்துப் பூசினாள். உள்ளங்கை அளவு கண்டல். நான் பார்க்கவில்லை, லோசனி சொன்னாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு
156/97.

மிச்சம் இரண்டையும் முடித்தேன், கடைசியாக ஆரபியின் புதுக் கேடயம். விளிம்பு வேலைக்குக் கூடுதல் நேரம் எடுத்தது.

ஏனோ பங்கர் ஞாபகம் வந்தது. எண்பத்தேழில், ஊரில் சண்டை நடந்தபோது, எங்கள் வீட்டு வளவில் நான் வெட்டிய பங்கர் குழிக்கு மேலே மூன்று அடுக்குப் பனங்குற்றி போட்டேன். அயலில் எல்லாரும் ஒரு அடுக்கு. மண்ணுக்குள் மாளிகை கட்டுகிறான் என்று சிரித்தார்கள். ஒக்டோபரில் ஷெல் விழுந்தது. நாங்கள் ஐந்து பேரும் தூசி தட்டிக்கொண்டு வெளியே வந்தோம். பக்கத்து வளவைப் பற்றி எழுதப்போவதில்லை.

மே 3, சனி
150/95.

ஆரபி புதுக் கேடயத்தில் சிவப்புப் பூசி, கறுப்பில் நான்கு வளைவு வரைந்திருக்கிறாள். வடிவாக இருக்கிறது. பயிற்சி முடிந்து வந்து, அப்பா, இது பாரமா இருக்கு என்றாள். புது மரம், காய்ந்தால் சரியாகிவிடும் என்றேன். தோளைத் தேய்த்துக்கொண்டு போனாள்.

ரூனே எல்லாருடைய கேடயத்தையும் தட்டி, நிறுத்துப் பார்ப்பார். ஆரபியினுடையதைத் தொடவில்லையாம். தகப்பன் மகளுக்குச் செய்தது, இதைப் பார்க்கத் தேவையில்லை என்றாராம்.

மே 17, சனி
148/92. மழை இல்லை, அதிசயம்.

நோர்வேயின் தேசிய தினம். ஊர்வலம் முடிந்து ஆரபி எய்வினை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் துரத்தித் துரத்திப் பிடித்தான். பிறகு எங்களைப் பார்த்துக் கையால் சாப்பிட்டான், சொதி முழங்கை வரை வந்தது. லோசனிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

ஓகஸ்டில் கப்பல் அதிகாரிகளின் கல்லூரிக்குப் போகிறான். தகப்பன், பாட்டன் எல்லாம் கடலில். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் தெரிந்த கப்பல்களின் பெயர்களை எழுத்துத் தெரியாத தூரத்திலிருந்தே சொன்னான். என்னை நாகா என்று கூப்பிடுகிறான். நாகேந்திரம் என்பது அவனுக்கு நீளமாம்.

போகும்போது முன்கதவை ஒரே தள்ளில் திறந்தான். இதுவரை யாரும் செய்ததில்லை.

ஜூன் 14, சனி

ஒரு விபத்து. எய்வின் ஆஸ்பத்திரியில். ஆரபிக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு
171/104.

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கடற்கரைச் சந்தையில் வடக்கிலிருந்து வந்த குழுவோடு சண்டை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், இருபது மீட்டர் தூரத்தில் நின்றேன். முகத்துக்குக் குத்தக் கூடாது என்பது விதி. எதிர்ப்பக்கத்து ஈட்டிக்காரர் விதிப்படித்தான் குத்தினார். ஈட்டி ஆரபியின் கேடயத்தின் மேல் விளிம்பில், இடப்பக்கமாகப் பட்டது. அங்கே மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. விளிம்போடு வழுக்கி, எய்வினின் முகத்துக்குப் போனது. ஈட்டி முனை மழுங்கல்தான், பெருவிரல் தடிப்பு. தலைக்கவசத்தின் மூக்குத் தகட்டைத் தாண்டி வலக்கண்ணில் பட்டது.

சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவன் நடிக்கிறான் என்று நினைத்தார்கள்.

ஈட்டி பட்டபோது ஒரு சத்தம் கேட்டது. மேளமும் கூச்சலுமாக இருந்ததால் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அது மரத்தில் படும் சத்தமில்லை, தோலில் படும் சத்தமுமில்லை. நான் அந்தச் சத்தத்தை வேலைத்தலத்தில் நாள் முழுக்கக் கேட்கிறவன்.

ஜூன் 17, செவ்வாய்
168/102.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லையாம். எடுத்துவிட்டார்கள்.

ஆரபி இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. இன்று மேசையில் வந்திருந்து, தானாகச் சொன்னாள்.

"நான்தான் அப்பா. எனக்குக் கை உளைஞ்சு போச்சு. கடைசியில கேடயத்தைக் கொஞ்சம் பதிச்சுப் போட்டன். அவன்ர பக்கம் வெளிச்சுப் போச்சு."

அப்படி ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன். 

ஜூன் 20, வெள்ளி
166/101.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. விளையாட்டு விபத்து என்று விட்டுவிட்டார்கள். ஆனால் காப்புறுதிக் கம்பனிக்காரர் அறிக்கை கேட்கிறார்களாம். ஜூலை 5 இல் கூட்டம், எல்லாரும் அன்று வைத்திருந்த ஆயுதத்தையும் கேடயத்தையும் கொண்டுவர வேண்டும் என்று ரூனே அறிவித்திருக்கிறார்.

வேலை முடிந்து நேரே குழுவின் கொட்டகைக்குப் போனேன். ஆரபியின் கேடயத்தைத் திருத்த வேண்டும் என்று சொல்லி எடுத்து வந்தேன். வீட்டு ஸ்டோரில் பனிக்கால டயர்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு
170/103.

இனி ஒளித்து எழுதி என்ன பயன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது.

அந்தக் கேடயத்தின் பலகை நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டர், விளிம்பில் பத்து. மேல் விளிம்பில், தோலுக்கு அடியில், வாசல்நிலைக்கு அடிக்கும் அலுமினியப் பட்டியை வளைத்து ஆணி அடித்திருக்கிறேன். தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சிய துண்டு. தைத்துவிட்டால் வெளியே தெரியாது. என் பிள்ளையின் விலாவில் இன்னொரு ஈட்டி படக்கூடாது என்று செய்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ரூனே சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் செய்தேன்.

அவளுக்குக் கை உளைந்ததும் அந்தப் பாரத்தால்தான்.

ஸ்டோரில் இருந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது லோசனி உருளைக்கிழங்கு எடுக்க வந்தாள். பட்டியின் நுனி வெளியே தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, இது எங்கட பல்கனிக் கதவில இருக்கிற பட்டியெல்லோ."

ஓம் என்றேன். கேடயத்தையும் என்னையும் நெடுநேரம் பார்த்தாள்.  நான் ஒண்டும் காணேல்லை என்று சொல்லிவிட்டு, கிழங்கு எடுக்காமலே படியேறிப் போனாள்.

ஜூன் 28, சனி
164/100.

பட்டியைக் கழற்றினாலும் பலகையின் தடிப்பு மாறாது. ஆகவே புதிதாக ஒன்று செய்தேன். எட்டு மில்லிமீட்டர், விளிம்பில் ஐந்து. பழையதன் குமிழைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். அதே சிவப்பு. கறுப்பு வளைவுகளைக் கடதாசியில் ஒற்றியெடுத்து வரைந்தேன். மூன்றாவது வளைவில் அவளுடைய தூரிகை சற்று நடுங்கியிருந்தது, அந்த நடுக்கத்தையும் வரைந்தேன். பிறகு மழுங்கிய கத்தியால் அங்கங்கே அடித்துக் காயப்படுத்தி, சேறு தேய்த்தேன். மேல் விளிம்பில் ஈட்டி பட்ட இடத்தில் தோலைச் சுரண்டிவிட்டேன்.

பிழை பிடிக்க முடியாத வேலை. இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 5, சனி
169/104.

கூட்டம். நீள மேசையில் எல்லாக் கேடயங்களும் கிடந்தன. எய்வின் வரவில்லை. அவனுடைய தாய் வந்து பின்வரிசையில் இருந்தார், கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ரூனே ஒவ்வொன்றாக நிறுத்தார், அளந்தார், விளிம்பை விரலால் அழுத்தினார். ஆரபியின் கேடயத்துக்கு மற்றதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தார். எல்லாம் விதிப்படி. இதுதான் அன்று நீ பிடித்ததா என்று அவளைக் கேட்டார்.

ஆரபி எழுந்து போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கேடயம் தேவைக்கு மேல் உயர்ந்து அவள் தோளைத் தாண்டிப் போனது. நிறைந்திருக்கிறது என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கினால் கை அப்படித்தான் போகும். ஆறு வாரம் சுமந்த பாரத்தை அந்தக் கை மறந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், அவளுடைய கையை யோசிக்கவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  ரூனே இரண்டாம் முறை கேட்டார்.

"ஆம், என்னுடையதுதான்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.  வந்து என் வலப்பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

கருவிகளில் குறையில்லை, வலப்பக்கம் நின்றவர் கேடயத்தைத் தாழ்த்தியதே காரணம் என்று எழுதி வாசித்தார்கள். ஆரபி கையெழுத்து வைத்தாள். எய்வினின் தாய் எங்களைப் பார்க்காமல் வெளியே போனார்.

  காரில் வீட்டுக்கு வரும்வரை ஆரபி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
165/101.

இப்போது உண்மையைச் சொன்னால் ஆரபி பொய் சொன்னவளாகிவிடுவாள். கையெழுத்தும் வைத்திருக்கிறாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன்.

வைத்தியர் புது மாத்திரை எழுதினார்.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஜூலை 26, சனி
167/102.

ஆரபி எய்வினைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டாள். கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்தவள். அவன் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது, ஒருமுறையும் போகவில்லை. அவன் எடுத்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். பயிற்சிக்கும் போவதில்லை. கோடை விடுமுறை வேலைக்குப் போய் வந்து அறைக்குள் இருக்கிறாள்.

என்னோடு கோபமில்லை போலத்தான் நடந்துகொள்கிறாள். அப்பா தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிறாள். கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன் போய்விடுகிறாள்.

ஓகஸ்ட் 9, சனி
172/105.

லோசனி என்னிடம் சொல்லாமல் எய்வினைப் பார்க்கப் போயிருக்கிறாள், இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு. வந்து சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள். கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். ஒற்றைக் கண்ணோடு கப்பலில் காவல் நிற்க மருத்துவச் சான்று கிடையாது. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அந்தப் பொடியன் என்னட்டக் கேக்கிறான், நான் என்ன பிழை செய்தனான், ஏன் ஆரபி வாறேல்ல எண்டு. கண் போனதால அவளுக்குத் தன்னைப் பிடிக்கேல்லையாம். அப்பிடி நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

அப்போதுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"நான் ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னன். அது என்ர பிழை. நீங்கள் செய்தது உங்கட பிழை. அவள் ரெண்டையும் தூக்கிக்கொண்டு திரியிறாள்."

கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் லோசனி என்னோடு இப்படிக் கதைத்ததில்லை.

ஓகஸ்ட் 23, சனி

காலையில் பிரஷர் அளக்கவில்லை.

பழைய கேடயத்தை டயர்களுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பட்டி தெரியும்படி தோலைத் திறந்தபடியே விட்டு, படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் வைத்திருந்ததைப் பார்த்து ஒருவர் மேளமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

எய்வின் தனியாக இருந்தான். பின்னலை வெட்டிவிட்டான். கோப்பி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பை முதலில் விரலால் தொட்டுப் பார்த்து, அந்த விரலுக்கு மேலால் ஊற்றினான். விரல் சுட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

விரிப்பைப் பிரித்துக் கேடயத்தை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு மில்லிமீட்டர், பட்டி, ரூனே எச்சரித்தது, புது மரம் காய்ந்தால் சரியாகும் என்ற பொய், நான் செய்த இரண்டாவது கேடயம், நடுங்கிய வளைவு வரை. என் நோர்வேஜிய மொழி வேலைத்தலத்து மொழி. அளவும் பொருளும் சொல்ல மட்டும்தான் அது உதவியது. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் என்னிடம் இரண்டோ மூன்றோதான் இருந்தன, அவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவன் கேடயத்தைக் கையில் எடுத்தான். பாரத்தைப் பார்த்தான். பெருவிரலால் பட்டியை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை தடவினான்.

"எனக்குச் செய்தது எப்படி?" என்றான்.

விதிப்படி என்றேன். எட்டு மில்லிமீட்டர். உலோகம் இல்லை.

"எனக்கும் இப்படி ஒன்று செய்திருக்கலாமே, நாகா."

கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பதினான்கு கேடயம் செய்தேன். பதினான்கு பேருக்கும் தகப்பன் இருக்கிறான் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. எல்லாருக்கும் பட்டி அடித்திருக்க வேண்டும், அல்லது ஒருவருக்கும் அடித்திருக்கக் கூடாது. நான் என் வளவுக்குள் மட்டும் குற்றி அடுக்கினேன்.

ஆரபிக்குத் தெரியுமா என்று கேட்டான். கூட்டத்தன்று கையில் தூக்கியபோதே தெரியும் என்றேன். அதனால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறாள், வேறு காரணமில்லை என்றும் சொன்னேன். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போங்கள் என்றான். கேடயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு
138/86.

ரூனேயிடம் போய்ச் சொன்னேன். காப்புறுதிக்காரருக்கும் எழுதிக் கொடுத்தேன். ரூனே ஒன்றும் திட்டவில்லை. நான் சரித்திர ஆசிரியன், தகப்பன் செய்ததைப் பார்க்கத் தேவையில்லை என்று எப்படிச் சொன்னேன் என்று தன்னையே நொந்துகொண்டார். கதவு வரை வந்து வழியனுப்பினார். கை தரவில்லை.

வீட்டில் ஆரபியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். முதல் முறையாக என் முன்னால் அழுதாள். கிட்டப் போனேன், கையால் தடுத்துவிட்டாள்.

செப்டெம்பர் 13, சனி
134/85.

குழுவின் முடிவு வந்தது. நான் இனி அவர்களுக்கு ஒன்றும் செய்யக் கூடாது. அது எதிர்பார்த்ததுதான். பொய் சொன்னதற்காக ஆரபி ஒரு வருடத்துக்குக் கேடயச் சுவரில் நிற்கக் கூடாது. அதுவும் என்னால்தான்.

மிச்சப் பதின்மூன்று கேடயங்களையும் இரம்பத்தால் குறுக்காக அறுத்துப் பார்த்தார்களாம், உள்ளே ஏதும் இருக்கிறதா என்று. ஒன்றிலும் ஒன்றுமில்லை. எல்லாம் சரியான அளவில் இருந்தன என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 20, சனி
141/88. மழை இல்லை.

ஆரபி வீட்டை விட்டுப் போகிறாள். எய்வினோடு ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். அவன் துறைமுகக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சேரப் பார்க்கிறானாம், கரையில் இருந்து செய்யும் வேலை. அவளை அவன் கூப்பிட்டானா, அவளாகப் போனாளா என்று லோசனிக்குத் தெரியும். எனக்குச் சொல்லப்படவில்லை.

யன்னலால் பார்த்தேன். ஒரு பழைய கார் கீழே நின்றது. எய்வின் மேலே வரவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், வலப்பக்கத்தில் இருந்தான். இந்த நாட்டில் ஓட்டுநர் இருப்பது இடப்பக்கம், ஆரபிதான் ஓட்டுவாள். அவள் இருக்கப்போகும் பக்கம் அவனுக்கு நல்ல கண். சுவரில் நின்றபோது அவள் மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

மூன்று பெட்டி, ஒரு பை. லோசனி கறித்தூள், ஒடியல்மா எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தாள். பெட்டிகளை நான் இறக்குகிறேன் என்றேன். வேண்டாமாம். கடைசிப் பெட்டியோடு வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாரமா இருக்கெண்டு நான் உங்களிட்டக் கேட்டனான் அப்பா. அப்ப சொல்லியிருக்கலாம்."

ஓம் பிள்ளை என்றேன். சொல்லியிருக்கலாம்.

இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தாள். தோளால் முன்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இன்னொருமுறை தள்ளினாள். இருபது வருடத்துக்கு முன், அவள் தவழத் தொடங்கிய காலத்தில், படிக்குப் போய் விழுந்துவிடுவாள் என்று பயந்து செய்த கதவு அது.

நான் போய்த் திறந்தேன். அவள் படியிறங்கிக் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.